அரணுக்கு என்ன விலை?

ஹாக்கியைப் பற்றி ஓர் இலக்கியப் பக்கத்தில் எழுதுவதற்கு நியாயம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நண்பர்கள் சிலர் எச்சரித்தனர். அப்படி ஒன்றும் தேவையில்லை என்பது எம் எண்ணம். புறத்திணை இலக்கணம் பயின்றோருக்குத் தாக்குதலும் தடுப்பும் புதிய செய்திகள் அல்லவே. மதிலை வளைப்பதையும் மதிலைக் காப்பதையும் உழிஞை என்னும் ஒரே திணைக்குள் தொல்காப்பியம் அடக்கியது. பின்னர் வந்த புறப்பொருள் வெண்பாமாலையோ காப்பவனைத் தனியே பிரித்து நொச்சி என்றொரு பூவைச் சூட்டியது. வளைப்பவனின் வீரம் வேறு, காப்பவனின் வீரம் வேறு. ஒன்றை அளக்கும் கோலால் மற்றதை அளக்கலாகாது என்று இப்பிரிவுக்குப் பொருள் கொள்ளலாம். இன்றைய விளையாட்டு ஏலங்களில் இந்த வேறுபாடு உணரப்படுகிறதா என்பதே நாம் இங்கே எழுப்ப விரும்பும் கேள்வி.

ஏழாண்டு இடைவெளிக்குப் பின் ஹாக்கி இந்தியா லீக் மீண்டும் உயிர்பெற்றபோது, 2024 அக்டோபரில் புது தில்லியில் அதற்கான ஏலம் நடந்தது. பழைய அணிகளின் ஒப்பந்தங்கள் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. எனவே இந்தியத் தலைவர் முதல் பெயர் தெரியாத இளைஞர் வரை எல்லோரும் கட்டற்றவர்களாகவே ஏலத்துக்கு வந்தார்கள். ஆடவர் பிரிவில் எட்டு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 4 கோடி ரூபாய் வரம்பு. 24 பேர் கொண்ட குழு. அதில் எட்டுப் பேர் அயல்நாட்டார், இந்தியர் பதினாறு பேரில் நால்வரேனும் இளையோர். இந்த வரம்புகளுக்குள் ஓர் அணியைக் கட்ட வேண்டும். 2013 முதல் 2017 வரை நடந்த முந்தைய லீக்கில் தமிழகத்துக்கு அணியே இல்லை. இம்முறை தமிழ்நாடு டிராகன்ஸ் என்ற பெயரில் ஓர் அணி உருவாயிற்று.

அந்த ஏலத்தின் விலைப்பட்டியலைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு வியப்பு. எல்லோரையும்விட அதிக விலை போனவர் முன்கள வீரர் அல்லர். பின்களத்தில் ஆடும் ஹர்மன்பிரீத் சிங். சூர்மா ஹாக்கி கிளப் அவரை 78 லட்சத்துக்கு எடுத்தது. அயல்நாட்டாரில் அதிகம் பெற்ற கொன்சாலோ பெய்யட்டும் பின்கள வீரரே. ஐதராபாத் தூஃபான்ஸ் அவருக்கு 68 லட்சம் கொடுத்தது. டிராகன்ஸ் அணி நெதர்லாந்தின் யிப் யான்சனை 54 லட்சத்துக்கும், ஒடிசாவின் அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கும் வாங்கியது. வங்கத்தின் ஸ்ராச்சி ராட் பெங்கால் டைகர்ஸ் ஜுக்ராஜ் சிங்குக்கு 48 லட்சம் தந்தது. அனைவரும் பின்களத்தினர். ஆகவே காப்பவனுக்கு உரிய மதிப்பைச் சந்தை கொடுத்துவிட்டது, நொச்சிப்பூ சூட்டியாயிற்று என்று மகிழத் தோன்றும்.

மகிழ்ச்சி அவசரமானது. மேற்சொன்ன ஐவரில் ரோஹிதாஸ் நீங்கலான நால்வரின் புகழும் ஒரே வித்தையால் வந்தது. அது பெனால்டி கார்னரில் பந்தை இழுத்துச் சுண்டி எறியும் ‘டிராக் ஃபிளிக்’. விதி எளியது. பெனால்டி கார்னரில் முதல் அடி மட்டையால் ஓங்கி அடித்ததாக இருந்தால் கோல் கோட்டைக் கடக்கும்போது பந்து 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. சுண்டி எறிந்ததாக இருந்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கோலின் மேல்மூலைக்கும் அனுப்பலாம். இந்த ஒரு விதியிடைவெளிதான் கடந்த முப்பது ஆண்டுகளின் ஹாக்கியை மாற்றியது. 348 கோல்களுடன் சர்வதேச ஹாக்கியில் உலகச் சாதனை படைத்த பாகிஸ்தானின் சுஹைல் அப்பாஸ் ஒரு பின்கள வீரர். ஹர்மன்பிரீத் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மட்டும் பத்து கோல் அடித்தார்.

ஆக, பின்கள வீரருக்குக் கொடுத்த விலை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் அவர் அடிக்கும் கோலுக்குக் கொடுத்த விலையே. மதில் காக்க ஆள் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு மதிலின்மேல் நிறுத்த ஒரு கவண்பொறியை வாங்குகிறோம். பொறி வேண்டாம் என்பதல்ல எம் வாதம். பொறியின் விலையை மதிலின் கணக்கில் எழுதுவதுதான் தவறு.

எதிர்வாதம் வலுவானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 பிப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் நடந்த இறுதிப்போட்டியில் பெங்கால் டைகர்ஸ் 4-3 என்று ஐதராபாத்தை வென்றது. வெற்றியாளர்களின் நான்கு கோல்களில் மூன்றை அடித்தவர் ஜுக்ராஜ். 48 லட்சம் வட்டியோடு திரும்பிவிட்டது. பிறகென்ன, கோலுக்கு விலை கொடுப்பதுதானே அறிவுடைமை என்று கேட்கலாம். ஆனால் அதே இறுதிப்போட்டியில் பெங்கால் மூன்று கோல்களை வாங்கியும் இருக்கிறது. அடித்த மூன்றுக்குப் பெயர் உண்டு, தொகை உண்டு, பரிசு உண்டு. வாங்காமல் தவிர்த்த நான்காவது கோலுக்குப் பெயர் இல்லை. நடவாத ஒன்றை எந்தப் பட்டியலும் குறித்துவைப்பதில்லை. பின்கள வீரரைத் தேர்வதில் உள்ள இடர் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

நடவாததைக் காண ஒரே ஒரு வழிதான் உண்டு: காப்பவர் இல்லாதபோது என்ன ஆகிறது என்று பார்ப்பது. வரலாறு அந்தச் சோதனையை அமித் ரோஹிதாஸை வைத்தே நமக்கு நடத்திக் காட்டியது.

ரோஹிதாஸ் பெனால்டி கார்னரில் சுண்டவும் வல்லவர். ஆயினும் அவருடைய தனித்திறன் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைக்கும்போதுதான் தெரியும். அப்போது கோல்காப்பாளர் உட்பட ஐவர் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். எஞ்சியோர் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். பந்து உள்ளே தள்ளப்பட்ட கணத்தில் ஐவரில் ஒருவர் வட்டத்தின் முனையில் நிற்கும் எறிபவரை நோக்கி நேராக ஓடுகிறார். ‘ஃபர்ஸ்ட் ரஷர்’ என்று அவரை அழைப்பார்கள். முகமூடியும் முழங்கால் கவசமும் அணிந்து, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரக்கூடிய பந்தின் பாதைக்குள்ளேயே அவர் ஓடுகிறார். பந்தைத் தடுத்தால் நல்லது. தடுக்காவிட்டாலும், எறிபவருக்குத் திறந்திருக்கும் கோணத்தில் ஒரு பாதியை மூடிவிட்டால் போதும். மறுபாதியைக் கோல்காப்பாளர் பார்த்துக்கொள்வார். உலக அளவில் இந்த வேலையில் சிறந்தவர்களுள் ஒருவராக ரோஹிதாஸ் மதிக்கப்படுபவர்.

பாரிஸில், 2024 ஆகஸ்ட் 4 அன்று, பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியின் இரண்டாம் கால்பகுதித் தொடக்கத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. நாற்பது நிமிடங்களுக்கும் மேலாகப் பத்துப் பேருடன் இந்தியா தாக்குப்பிடித்து 1-1 என முடித்தது. ஷூட்-அவுட்டில் 4-2 என வென்றது. பத்துப் பேரும் ஸ்ரீஜேஷும் நிகழ்த்திய அந்த ஆட்டத்தை நாம் கொண்டாடினோம். ஆனால் ஒரு போட்டித் தடை காரணமாக ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் ரோஹிதாஸ் இல்லை. இந்தியா 2-3 எனத் தோற்றது. ஜெர்மனியின் முதல் கோலைப் பெனால்டி கார்னரில் அடித்தவர் பெய்யட். இரண்டு மாதங்களுக்குப் பின் ஏலத்தில் 68 லட்சம் பெற்ற அதே பெய்யட். ரோஹிதாஸ் ஓடியிருந்தால் அந்தக் கோல் விழுந்திருக்காது என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஏலத்தில் எறிபவருக்கும் அவரை நோக்கி ஓடுபவருக்கும் இடையே 20 லட்ச ரூபாய் வேறுபாடு இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். ஓடுபவரை வாங்கியது தமிழ்நாட்டு அணி. அந்த ஏலத்தில் எமக்கு மிகவும் உவப்பான முடிவு அது.

டிராகன்ஸின் கணக்கை மொத்தமாகப் பார்க்கலாம். யான்சன் 54, ரோஹிதாஸ் 48, அயர்லாந்தின் கோல்காப்பாளர் டேவிட் ஹார்ட் 32. கூட்டினால் 1 கோடி 34 லட்சம். வரம்பில் மூன்றில் ஒரு பங்கு. ஹார்ட் 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகின் சிறந்த கோல்காப்பாளராகத் தேர்வானவர். யான்சன் பாரிஸில் தங்கம் வென்ற நெதர்லாந்து அணியில் இருந்தவர். எறிபவர் ஒருவர், ஓடுபவர் ஒருவர், கடைசி மதிலாக ஒருவர் என்று மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு மூவரைத் தேர்ந்திருக்கிறார்கள். இது சிந்தித்துச் செய்த தேர்வு. ரோஹிதாஸையே அணித்தலைவராக்கினார்கள். அணி அரையிறுதி வரை சென்று நான்காம் இடத்தில் முடிந்தது. முதல் ஆண்டுக்கு அது தாழ்வல்ல.

எனினும் இனிவரும் ஏலங்களுக்கு என எமக்குச் சில எண்ணங்கள் உண்டு.

முதலாவது, பின்கள வீரரின் கோல் எண்ணிக்கையை ஒரு கணம் மறைத்து வைத்துவிட்டு, அவர் ஆடும்போது தம் அணி எத்தனை பெனால்டி கார்னர்களைக் கொடுத்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வட்டத்துக்குள் செய்யும் சிறு பிழைக்கும் பெனால்டி கார்னர் உண்டு. 23 மீட்டர் கோட்டுக்குள் வேண்டுமென்றே செய்யும் பிழைக்கும் உண்டு. காலில் பந்து படவிடாமல், மட்டையை மட்டையால் தட்டாமல், பொறுமையாக எதிரியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர் பார்வைக்கு ஒன்றுமே செய்யாதவர் போல இருப்பார். அவரே சிறந்தவர். இன்னொரு நுட்பமும் உண்டு. ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. இடக்கை மட்டையும் கிடையாது. ஆகவே எல்லாப் பின்கள வீரர்களுக்கும் இடப்பக்கமே பலவீனம். திறமையான முன்கள வீரர்கள் அந்தப் பக்கமாகவே புகுவார்கள். கால்களை முன்கூட்டியே நகர்த்தி அந்த வாயிலை மூடத் தெரிந்தவரா என்பதைப் புள்ளிவிவரம் சொல்லாது. உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது, பின்களத்தைத் தனித்தனி ஆட்களாக வாங்கக்கூடாது. இணையாக வாங்க வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆடப்படும் பனிச்சறுக்கு ஹாக்கியில் இது பாலபாடம். அங்கே ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஆறு பின்கள வீரர்கள், மூன்று இணைகள். ஆண்டுதோறும் ஜூலை முதல் நாளில் ஒப்பந்தம் முடிந்தவர்களின் சந்தை திறக்கும்போது, இவர் யாரோடு சேர்ந்து நிற்பார், இடக்கையரா வலக்கையரா என்பதே முதற்கேள்வி. நம் ஏலத்திலோ ஒரு பெயர் அறிவிக்கப்படுகிறது, பலகைகள் உயர்கின்றன, அடுத்த பெயர் வருகிறது. இணையைப் பற்றி எண்ண அங்கே நேரமில்லை. ஏலத்துக்கு முன்பே எண்ணி வைத்திருக்க வேண்டும்.

இணை என்று சொல்லும்போது மொழியையும் சேர்த்தே சொல்கிறோம். தடுப்பாட்டம் பாதி குரலால் ஆடப்படுவது. ‘விடு’, ‘என்னுடையது’, ‘பின்னால் ஆள்’ என்று கோல்காப்பாளரும் பின்கள வீரரும் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும். ஓர் அயர்லாந்துக்காரர், ஒரு டச்சுக்காரர், சுந்தர்கட்டிலிருந்து ஒருவர், பஞ்சாபிலிருந்து ஒருவர், தமிழகத்திலிருந்து ஒருவர் என்று ஒரே வட்டத்துக்குள் நிற்கும்போது எந்த மொழியில் கத்துவது? உடைந்த ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களை உடன்படிக்கையாக வைத்துக்கொள்வார்கள் என்று அறிவோம். ஆயினும் அரை நொடி தாமதித்துப் புரிந்துகொள்ளப்படும் சொல் சொல்லப்படாததற்குச் சமம். சில வாரங்களே நடக்கும் ஒரு லீக்கில், முன்பே சேர்ந்து ஆடிய இருவரைச் சற்றுக் குறைந்த புகழுடையவர்களாயினும் சேர்த்து வாங்குவது, ஒருவரையொருவர் அறியாத இரு பெரும்பெயர்களை வாங்குவதைவிட நலம் என்பது எம் துணிபு.

மூன்றாவதே முதன்மையானது. ரோஹிதாஸ் எங்கிருந்து வந்தார்? ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்தில் சௌனாமாரா என்ற ஊர். இந்தியாவுக்காக 400 போட்டிகளுக்கு மேல் ஆடிய பின்கள வீரரும் இன்றைய ஹாக்கி இந்தியாவின் தலைவருமான திலீப் திர்க்கியும் அதே ஊரார். 1975 உலகக் கோப்பையை வென்ற அணியின் மைக்கேல் கிண்டோ, பின்வந்த லாசரஸ் பார்லா, பீரேந்திர லாக்ரா என்று அந்த நிலப்பகுதி அடுத்தடுத்துப் பின்கள வீரர்களையே தந்துகொண்டிருக்கிறது. ஆட்டுக்கிடாயைப் பரிசாக வைத்து நடக்கும் ஊர்ப் போட்டிகள், ரூர்கேலாவின் பன்போஷ் விளையாட்டு விடுதி, 2018 முதல் இந்திய அணிக்கே புரவலராக நிற்கும் மாநில அரசு, ஒன்றியங்கள்தோறும் செயற்கைத் தளம் அமைக்கும் திட்டம் என்று மூன்று தலைமுறை உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. முதல் பருவத்தின் ஆடவர் ஆட்டங்கள் நடந்த பிர்சா முண்டா அரங்கமும் சுந்தர்கட் மாவட்டத்தில்தான் உள்ளது. தமிழ்நாட்டின் பெயர் பொறித்த சட்டையோடு ரோஹிதாஸ் ஆடியது தம் சொந்த மண்ணில்.

நமக்கும் ஒரு சுந்தர்கட் உண்டு, கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் அடுத்து ஹாக்கிக்குப் பெயர்பெற்ற ஊர். அண்மை ஆண்டுகளில் இந்திய அணிக்குச் சென்ற மாரீஸ்வரன் சக்திவேல் அவ்வூர்க்காரர். அரியலூரின் கார்த்தி செல்வம் அங்கே பயிற்சி பெற்றவர். 2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா வென்றபோது கார்த்தி அணியில் இருந்தார். டிராகன்ஸும் அவரை எடுத்தது. நமக்குப் பெருமையே. ஆனால் இருவரும் முன்கள வீரர்கள். தமிழகத்துச் சிறுவனுக்குக் கனவு காண்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. அது கோல் அடிக்கும் முன்மாதிரி. 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் நம்மவர். நடுக்களத்துத் தடுப்பில் வல்லவர். அவரைப் போல் எதிராளியின் காலடியை வாசிக்க விரும்பும் பையன் இன்று யாரைப் பார்த்து வளர்வான்?

இதில் தளத்துக்கும் பங்குண்டு. எம் மறைமலைநகரிலும் செங்கற்பட்டு வட்டாரத்திலும் பள்ளி மைதானம் என்றால் இன்றும் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும்தான். பந்து எங்கே துள்ளும் என்று தெரியாத தரையில் வேகமாக ஓடி அடிக்கக் கற்கலாம். மட்டையைத் தரையோடு தரையாகக் கிடத்தித் தாழ்ந்து நின்று பந்தைப் பறிக்கக் கற்க இயலாது. கற்றால் விரல் தேய்ந்துபோகும். தடுப்பாட்டம் சமதளத்தின் கலை. 2025 இறுதியில் இளையோர் உலகக் கோப்பைக்காக மதுரைக்கும் சர்வதேசத் தளம் வந்தது நற்செய்தி. எழும்பூருக்கு எம் ஊரிலிருந்து மின்சார ரயில் இருக்கிறது. ஆட்டம் பார்க்கப் போய்வர அது போதும். தினமும் பயிற்சிக்கு அனுப்ப எந்தப் பெற்றோராலும் முடியாது.

லீக்குகள் நிலையானவை அல்ல என்பதையும் நினைவில் கொள்வோம். பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் இருந்தது. அந்த லீக் 2008-உடன் முடிந்தது. 2012-இல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் இருந்தது. அது ஒரே பருவம். வாங்கி வந்த வீரர்கள் வந்த வழியே போனார்கள். சென்னையில் ஓர் அணி இருந்ததற்கு இன்று எஞ்சியிருக்கும் சான்று சில பழைய செய்தித்தாள்களே. இப்போதைய லீக்கின் ஆட்டங்கள் 2026 ஜனவரியில் சென்னைக்கும் வந்தன. இது நீடிக்கட்டும். ஆனால் நீடிக்காவிட்டாலும் ஏதேனும் மிஞ்சுமாறு இப்போதே செய்துகொள்ள வேண்டும்.

அதற்கான வழி ஏல விதியிலேயே இருக்கிறது. நான்கு இளையோர் இடங்களில் இரண்டைத் தமிழகத்தின் பின்கள வீரர்களுக்கென ஒதுக்கலாம். அவர்களுக்கு ஆகும் தொகை, யான்சனின் விலையில் சிறு துண்டு. ஆட்டத்தில் அவர்கள் இறங்கும் நிமிடங்கள் குறைவாக இருக்கலாம். ஆனால் பயிற்சியில் நாள்தோறும் ரோஹிதாஸின் பக்கத்தில் நின்று, அவர் எப்போது ஓடத் தொடங்குகிறார், எந்தத் தோளைத் தாழ்த்துகிறார், கோல்காப்பாளரோடு எந்தச் சொல்லில் பேசுகிறார் என்று பார்ப்பார்கள். நாற்பத்தெட்டு லட்சத்துக்கு ஒரு பருவ உழைப்பை மட்டும் வாங்கினால் விலை அதிகம். ஓர் ஆசிரியரையும் சேர்த்து வாங்கினால் மலிவு.

திருக்குறளின் அரண் அதிகாரம் மதிலின் உயரம், அகலம், திண்மை என்று அனைத்தையும் அடுக்கிவிட்டு, எத்துணைச் சிறப்பிருந்தாலும் உள்ளே இருப்போருக்குச் செயல்திறம் இல்லையேல் அரணால் பயனில்லை என்ற கருத்தில் முடிகிறது. கல்லையும் சுண்ணாம்பையும் வெளியிலிருந்து வாங்கலாம். உள்ளே இருந்து காப்போர் நம்மூரில்தான் வளர வேண்டும். அடுத்த ஏலத்தில் டிராகன்ஸ் யாருக்கு எத்தனை லட்சம் கொடுத்தது என்று செய்தித்தாள்கள் எழுதும். நாமோ பட்டியலின் கடைசிப் பகுதியை, அடிப்படை விலைக்குப் போன இளைஞர்களின் பெயர்களைத் தேடிப் படிப்போம். அங்கே கோவில்பட்டியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ செங்கற்பட்டிலிருந்தோ ஒரு பின்கள வீரனின் பெயர் இருந்தால், அவ்வாண்டு அணி எந்த இடத்தில் முடிந்தாலும் ஏலம் நன்றாகவே நடந்தது என்போம்.